கால் துடைக்கும் எண்ணெய்

கடலோரத்து மடத்தில் சேர்ந்தபோது வேதமூர்த்திக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு அவரைவிட இளையவர். நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் காலமெல்லாம் வேலை பார்த்த மனிதர் வேதமூர்த்தி. தண்ணீரில் எது சிந்தினாலும் முகர்ந்து பார்த்தே இன்ன எண்ணெய் என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தீட்சைக்கு நாள் குறித்தாயிற்று.

தீட்சைக்கு முந்தின நாள் காலை மீனவர் குப்பத்திலிருந்து பூங்காவனம் வந்தாள். கையில் கருப்பு அப்பிய வலைத்துண்டு.

"ஐயா, நடுக்கடல்ல சிந்துனது டீசல்தான், ஆவியாப் போயிருச்சுங்கறாங்க உங்க எண்ணெய்க் கம்பெனிக்காரங்க. கரையில கெடக்கறது ஏதோ கப்பல் கழிச்சுட்டுப் போனதாம். வழிக்க ஒருத்தரும் வரல. வலை எறக்க முடியல. நீங்க அங்க இருந்தவரு. இது கெணத்து எண்ணெய்தான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

முகரவே தேவையில்லை. டீசல் வெயிலில் பறந்துவிடும். இயந்திர எண்ணெய் என்றால் மெல்லிய படலமாக மினுக்கும். இது கிணற்றுக் கச்சா எண்ணெய்தான். அவருக்கு அந்த நாற்றம் சாகும்வரை மறக்காது.

"அதையெல்லாம் துறந்துட்டேம்மா," என்றார். நழுவுகிறவர்களுக்கென்றே துறவு என்று ஒரு சொல் இருக்கிறதே!

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நடந்ததை குருவிடம் சொன்னார். "நான் செய்தது சரிதானே, சுவாமி? துறந்தவன் பழைய தொழிலைப் பற்றி வாய் திறக்கலாமா?"

"கடலில் குளித்துவிட்டு வாரும்."

கரையில் கால் வைத்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. திரும்பியபோது சன்னதித் தரையில் அவருடைய காலடிகள் கருப்பாக விழுந்தன. பதறிப்போய்க் கிணற்றடிக்கு ஓடினார். சீயக்காய் போட்டார், சாம்பல் போட்டார், தேங்காய் நாரால் தேய்த்தார். தோல்தான் உரிந்தது.

"தண்ணீரில் போகாது, சுவாமி. கொஞ்சம் மண்ணெண்ணெய் வேண்டும்."

"எண்ணெயைத் துறந்துவிட்டதாகச் சொன்னீரே?"

வேதமூர்த்திக்குச் சுருக்கென்றது. "இந்தக் காலோடு நாளை எப்படி உங்கள் முன்னால் நிற்பேன்?"

"மடத்தில் மண்ணெண்ணெய் கிடையாது. குப்பத்தில் இப்போது வாசலுக்கு வாசல் ஒரு சீசாவும் கந்தல் துணியும் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கால் துடைத்துவிட. போய்க் கேளும்."

"எனக்குக் கொடுப்பார்களா?"

"கொடுப்பார்கள். காலில் ஒட்டியிருப்பது என்ன எண்ணெய் என்று மட்டும் கேட்பார்கள்."