கரடி கவிழ்த்த பாகுப் பீப்பாய்

குளத்தங்கரை மருத மரத்துப் பொந்தில் தேனீக்கள் குடியிருந்தன. மரத்தடியில் குண்டான் என்ற கரடி குடியிருந்தது. இரு தரப்புக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. தேன் எடுக்கப் புகை மூட்ட வரும் மனிதர்களையும், கூட்டைக் கிண்ட வரும் மரநாயையும் கரடி விரட்டிவிடும். அதற்குப் பதிலாக ஆண்டுக்கொரு முறை ஒரு தேனடை முழுவதும் கரடிக்கு!

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. குளமே பாதியாக வற்றிப்போனது. கரையோரம் வரிசையாக நின்ற நொச்சிச் செடிகளில் ஒரு மொட்டுகூட இல்லை. ராணித்தேனீ கரடியைக் கூப்பிட்டது.

"குண்டா! பூ இல்லாத இடத்துல என் பிள்ளைங்க எப்படிப் பிழைக்கும்? வர்ற பௌர்ணமிக்குள்ள நொச்சி பூக்கலேன்னா நாங்க மலைக்குப் போயிடுவோம்!"

கரடி அண்ணாந்து பொந்தையே பார்த்தது. தேன் போனால் போகட்டும் என்று சொல்ல அது ஒன்றும் சாமியார் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கண் விழித்ததும் காதில் விழுகிற அந்த ரீங்காரம் இல்லாமல் எப்படி இருப்பது? கரடிக்கு வேறு சொந்தபந்தம் யாரும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துச் செவலை முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே! அண்ணே! காட்டுப் பாதையில ஒரு லாரியிலேருந்து பீப்பாய் உருண்டு பள்ளத்துல கிடக்கு! உள்ளே கறுப்புப் பாகு!"

சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற பாகு அது. மனிதர்கள் மொலாசஸ் என்பார்கள்.

"நமக்குத் தேன்கூடே போகப்போகுது. பாகை வச்சு என்ன செய்ய?" என்றது கரடி.

"அட, கேளுங்கண்ணே! சாமந்தித் தோட்டத்துல இதைத்தான் வேருக்கு ஊத்துறாங்க! பூ ஒவ்வொண்ணும் உங்க மூக்குப் பெருசு!"

கரடி துள்ளி எழுந்தது. "அப்படியே ஊத்துறாங்களா?"

"என்னமோ கலக்குனாங்க. அதைப் பாக்குறதுக்குள்ள நாய் துரத்திடுச்சு!"

"கலக்குறதாவது! அவங்ககிட்ட கொஞ்சம்தான் இருந்திருக்கும். நம்மகிட்ட முழுப் பீப்பாயே இருக்கு!"

கரடி பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நொச்சியின் தூரிலும் கொழகொழவென்று கவிழ்த்தது. "குடி ராசா, குடி! வயிறு முட்டக் குடி!" என்று ஆடிப் பாடியது. கடைசிச் செடிக்கு வந்தபோது பீப்பாய் காலி!

"ஐயோ பாவம்! உனக்கு மட்டும் இல்லாம போச்சே!" கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. குளத்துத் தண்ணீரை மொண்டு பீப்பாயைக் கழுவி, அந்தக் கழுவின தண்ணீரை அதற்கு ஊற்றியது. மனசு கேட்காமல் மறுநாளும், அதற்கடுத்த நாளும் வந்து அப்படியே செய்தது.

பௌர்ணமி நெருங்கியது. பாகு குடித்த செடிகளின் தூரில் எறும்புப் படை! மண் புளித்து நாறியது. இலைகள் பழுத்து உதிர்ந்தன. கரடி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அழுதது. மேலே தேனீக்கள் பொந்தை விட்டுக் கிளம்பித் திரண்டுகொண்டிருந்தன.

"அண்ணே! இங்க வாங்க! சீக்கிரம்!" வரிசைக் கடைசியில் முயல் குதித்தது.

கரடி ஓடிப்போய்ப் பார்த்தது. கழுவின தண்ணீர் குடித்த செடி கொத்துக் கொத்தாக நீலப்பூ பூத்து நின்றது! முயல் அதன் அடியில் தோண்டிக் காட்டியது. மண் பொலபொலவென்று இருந்தது. மண்புழுக்கள் நெளிந்தன.

"ராணியம்மா! போகாதீங்க! பூ! பூ!" கரடி போட்ட கூச்சலில் குளத்துக் கொக்குகள் பறந்தன.

ராணித்தேனீ இறங்கி வந்து ஒரு பூவைச் சுவைத்தது. "நல்ல தேன்தான். ஆனா ஒத்தைச் செடி எத்தனை நாள் தாங்கும்? இன்னும் ஒரு வாரம் இந்தக் கிளையிலேயே இருக்கோம். அதுக்குள்ள இன்னொண்ணு பூக்கணும்!"

கரடி அதே பீப்பாயில் தண்ணீர் சுமந்தது. ஊற்றி ஊற்றிப் பாகைக் கரைத்து விட்டது. முயல் மண்ணைக் கிளறிக் கொடுத்தது. முதுகு ஒடிந்தது, உள்ளங்கால் கொப்புளித்தது. வாரம் முடிகிற அன்று காலையில் ஒரு செடியில் மொட்டு அவிழ்ந்தது! அடுத்த நாள் பக்கத்துச் செடியிலும் மொட்டு! தேனீக்கள் கும்மாளமிட்டுப் பொந்துக்குத் திரும்பின. முயல் கரடியின் முதுகில் ஏறிக் குதித்தது.

ஆனால் மூன்று செடிகள் மட்டும் எவ்வளவு ஊற்றியும் துளிர்க்கவில்லை. கரடி அவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"உங்களுக்குத் தாகம்யா. நான்தான் பசின்னு நெனச்சுட்டேன்" என்று மெல்லச் சொன்னது.

ஆகவே, எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும், கொடுப்பவர் கையில் இருப்பதைப் பார்த்து அல்ல, பெறுபவருக்கு வேண்டியதைப் பார்த்தே அளந்து கொடுக்க வேண்டும்.