மொட்டப்பாறைச் சங்கத்தின் ஒரே ஜன்னல்

மொட்டப்பாறையில் புத்திசாலி கிடையாது. தேடிப் பார்த்தாயிற்று.

ஊர்ச் சங்கத்தில் மூன்று பேர். தலைவர் சீனிச்சாமி, செயலாளர் பூவலிங்கம், துணைத்தலைவர் கொப்பையன். மற்றவர்களைவிட இவர்கள் கொஞ்சம் மோசம். அதனால்தான் பதவி.

ஊராரின் வீட்டுப் பத்திரங்களைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இனி எதற்கென்று மிச்சக் காகிதத்தைக் கரையானுக்கே விட்டுவிட்டார்கள்.

கம்ப்யூட்டரை மாட்டிக்கொடுத்த டவுன் மெக்கானிக் தாசனுக்கு ஒரே பெருமை. "ஒரே ஜன்னல்ங்க. உங்க ஃபைலும் இதுலதான் தெரியும், இன்டர்நெட்டும் இதுலதான் தெரியும். தனித்தனியா திறக்க வேண்டாம்."

மறுநாள் கொப்பையன் மழை வருமா என்று அதில் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அப்போது திரையில் ஒரு கட்டம் எழும்பியது: 'உங்கள் ஃபைல்களில் குப்பை சேர்ந்துவிட்டது. பெருக்கட்டுமா?'

மூவரும் கூடினார்கள்.

"யாருப்பா கேக்குறது?" என்றார் சீனிச்சாமி.

"தெரியலண்ணே. ஆனா நம்ம பத்திரம் தெரியுற ஜன்னல்லதான் நிக்குது," என்றார் கொப்பையன்.

"அப்ப நம்ம வீட்டு ஆளு."

"வீட்டு ஆளு வெளக்கமாத்தோட நிக்கும்போது வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?" என்றார் பூவலிங்கம்.

நல்லா இருக்காது என்று தீர்மானம் போட்டார்கள். 'சரி' என்பதை அமுக்கினார்கள்.

பெருக்கியது. நூற்றுப் பன்னிரண்டு பத்திரமும் போயிற்று.

"என்ன சுத்தம்!" என்றார் சீனிச்சாமி.

அந்த நேரம் பார்த்து ரோட்டோரத்து வீட்டு வெள்ளத்தாயி வந்தாள். ஊருக்குள் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை தாசில்தார் வருவார். பத்திரம் காட்டினால் அவள் வீடு நிற்கும். காட்டாவிட்டால் இடித்துவிடுவார்கள்.

"என் பத்திரத்தை எடுங்கய்யா."

"பெருக்கியாச்சு தாயி."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

தாசன் ஓடி வந்தான். நல்லவேளை, அவனிடம் ஒரு பென் டிரைவில் நகல் இருந்தது. எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். வெள்ளத்தாயியின் பத்திரத்தைப் பிரிண்ட் எடுத்தான். தாசில்தார் சங்கத்துக்குத்தான் வருவார் என்பதால் பூவலிங்கத்திடமே கொடுத்தான்.

"ஜன்னல் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிருமாய்யா? வெளிய இருந்து எவன் என்ன கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுங்க. உள்ள இருந்து கேட்டா மட்டும் குடுங்க."

மூவரும் இதை மனப்பாடம் செய்தார்கள். அதுதான் வினை.

வெள்ளிக்கிழமை தாசில்தாரின் ஜீப் வந்து நின்றது. பின்னால் வீட்டை இடிக்க ஒரு பொக்லைன். தாசில்தாருக்குப் படியேறச் சோம்பல். வாசலில் நின்றே கேட்டார்.

"வெள்ளத்தாயி பத்திரம் எங்கய்யா?"

"வேண்டாம்," என்றார் பூவலிங்கம். பத்திரம் அவர் கையில்தான் இருந்தது.

"யோவ், நான் தாசில்தார்."

"அன்னைக்கு வந்தவனும் பெருக்குறவன்னுதான் சொன்னான்," என்றார் கொப்பையன்.

"இருக்கா, இல்லையா?"

"வேண்டாம்."

தாசில்தார் ஜீப்பில் ஏறிவிட்டார். பொக்லைன் உறுமியது. வெள்ளத்தாயி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரு நிமிசம் இருங்க சாமி. இந்தக் கூமுட்டைகளை நான் பாத்துக்கிறேன்."

சங்கத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். பின்கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. உள்ளே போய் மூவரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"பத்திரத்தைக் குடுங்க."

மூவரும் திரும்பினார்கள்.

"எங்க இருந்து கேக்குற?" என்றார் சீனிச்சாமி.

"உள்ள இருந்து!"

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி?"

இரண்டு கையாலும் கொடுத்தார்கள். தாசில்தார் பார்த்தார். வீடு தப்பியது.

அடுத்த வாரம் முன்பின் தெரியாத ஒருவன் வந்தான். நேரே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். கம்ப்யூட்டர் வேண்டும் என்றான்.

உள்ளே இருந்துதானே கேட்கிறான். மூவரும் சேர்ந்து தூக்கி அவன் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

படியிறங்கிய பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. "அண்ணே, அந்த வயரையும் எடுத்துக் குடுங்க."

"வேண்டாம்!" என்று கதவைச் சாத்தினார் சீனிச்சாமி. "நம்மகிட்டயேவா!"

அந்த வயரை இன்றுவரை எவனாலும் கொண்டுபோக முடியவில்லை. மூவரும் முறை வைத்துக் காவல் காக்கிறார்கள்.