கெபி வரைக்கும்

மலையடிவாரத் தியான இல்லத்தில் மௌன ஜெபம் சொல்லித் தந்தவர் சிஸ்டர் செலஸ்டினா. பழக வந்த ஜெனோவாவைவிட வயதில் சின்னவர்தான்.

ஒரு ஞாயிறு ஜெனோவா தன் குழந்தை ஆக்னஸை இடுப்பில் வைத்தபடி வந்தாள். படியில் உருண்டு தாடையில் தையல் போட்டதிலிருந்து அவள் இறங்கி நடக்கவே மாட்டேன் என்கிறாள். காலில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சிஸ்டர், ஜெபத்துல உக்காந்தா மனசு நிக்க மாட்டேங்குது. இவ அடுத்து எங்க விழப் போறாளோன்னு முன்னாடியே ஓடிப் போய் நின்னுக்குது."

"அப்ப உக்கார வேண்டாம். மாதா கெபி வரைக்கும் ரெண்டு பேரும் நடந்துட்டு வாங்க. அவ எவ்வளவு மெதுவாப் போறாளோ, அவ்வளவு மெதுவா."

"இவதான் நடக்க மாட்டாளே!"

"இறக்கி விடுங்க. மிச்சத்தை அப்புறம் பாக்கலாம்."

கல்லால் குகைபோல் கட்டிய அந்தக் கெபி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் போய் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குழந்தை ஓரடி வைக்கும், நிற்கும். இன்னோரடி வைக்கும், 'தூக்கு' என்று கை நீட்டும். திரும்பி வரும்போது மறுபடியும் இடுப்பில்தான் இருந்தாள்.

"வழியில என்னென்ன பாத்தீங்க?"

மறைக்கல்விப் பாடம் ஒப்பிப்பது போல ஜெனோவா மடமடவென்று சொன்னாள். "பெயர்ந்து கிடக்கிற கல்லு, கருவேல முள்ளு, மூடி இல்லாத தண்ணித் தொட்டி. அப்புறம் ஒரு நாய். தூங்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா நாயை நம்ப முடியாதுல்ல?"

"நம்ம தோட்டத்துல இவ்வளவு ஆபத்தா! மதர் சுப்பீரியர் கேட்டா இல்லத்தையே பூட்டிடுவாங்க."

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"ஆக்னஸ் என்ன பாத்தா?" என்று கேட்டார் சிஸ்டர்.

ஜெனோவா இடுப்பிலிருந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கு முன்னாடியும் உங்க முகத்தைத்தான் நிமிர்ந்து பாத்தா. நீங்க கல்லுகிட்ட இருந்தீங்க. அப்புறம் தொட்டிகிட்ட. அப்புறம் நாய்கிட்ட."

குழந்தை தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அப்ப பயமில்லாத மாதிரி நடிக்கணுமா?"

"நடிச்சா கண்டுபிடிச்சிடுவா."

"பயம் கூடவே வருதே சிஸ்டர். அதை எங்க விட்டுட்டு வர்றது?"

"எதுக்கு விடணும்? அதுவும் பின்னாடியே வரட்டும். அவ நிமிர்ந்து பாக்கறப்ப மட்டும் நீங்க அங்க இருங்க."