எந்த நூலிலும் இல்லாத கஞ்சி

மணற்பட்டினத்து நவாப் தில்தார் கானின் அவையில் பதினான்கு அறிஞர்கள் இருந்தார்கள். வேலை, வக்ஃபு பற்றிய ஆராய்ச்சி. இறைவன் பெயரால் எழுதிவைத்து, ஏழைகளுக்குப் பயன்படும் சொத்துதான் வக்ஃபு. நல்ல பொருள்தான், யார் இல்லையென்றது? ஆனால் ஒரு வக்ஃபையாவது அவர்கள் போய்ப் பார்த்ததில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் மேற்கோள் காட்டுவார். அவரை மூன்றாமவர் காட்டுவார். மூன்றாமவரை மேற்கோள் காட்டி முதலாமவர் இன்னொரு நூல் எழுதுவார்.

ஒருநாள் தலைமை அறிஞர் முல்லா கியாசுதீன் ஒரு நீளப் பட்டுத்துணியை அவையில் விரித்தார். எந்த ஆண்டு எத்தனை நூல், யாரை யார் அதிகம் மேற்கோள் காட்டினார் என்று மயில்நீலத்தில் கோடுகள். எல்லாம் ஏறுமுகம். நவாப் பூரித்துப்போனார். அந்த நேரம் பார்த்து முல்லா கேட்டார். நூல்கள் வைக்க இடம் போதவில்லையாம். தெற்கு வாசல் கஞ்சிக்கூடத்தைக் கொடுத்தால் நூலகம் ஆக்கிவிடலாமாம்.

அந்தக் கூடமே ஒரு வக்ஃபு. நவாபின் பாட்டனார் எழுதிவைத்தது. மீரம்மாள் நடத்திவந்தாள். தோணிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் என்று தினமும் இருநூறு பேருக்கு அதுதான் சாப்பாடு.

“வக்ஃபை எப்படி மாற்றுவது?” என்று நவாப் தயங்கினார்.

“எங்கள் நூல்கள் நூற்றுப்பன்னிரண்டு, ஹுசூர். ஒன்றிலும் இந்தக் கூடம் இல்லை. அறிஞர் எவரும் எழுதாததை வக்ஃபு என்று எப்படி ஒப்புக்கொள்வது?”

அவையில் மடல் வாசிக்கும் உம்மு சல்மாவுக்குப் பொறுக்கவில்லை. வாதாடினாள். கடைசியில் நவாப் சொன்னார்: “மூன்று நாள் தருகிறேன். அறிஞர் ஒருவராவது அந்தக் கூடத்தைப் பற்றி எழுதியதைக் கொண்டுவா. இல்லையென்றால் பூட்டுதான்.”

முல்லா தாடியைத் தடவிக்கொண்டார். எழுதப்போவது யார், அவருடைய ஆட்கள்தானே?

சல்மா நேரே கஞ்சிக்கூடத்துக்குப் போய், பாட்டனாரின் பத்திரத்தை வாங்கி வரி விடாமல் படித்தாள். பிறகு, அறிஞர் மண்டபத்துக்குப் பகலில் போகிற சாப்பாட்டு அண்டா எங்கிருந்து போகிறது என்று விசாரித்தாள்.

“இங்கேருந்துதாம்மா,” என்றாள் மீரம்மாள். “படிக்கிறவங்க, பாவம், எதுக்கு நடக்கணும்னு நானே அனுப்புறேன்.”

“வர்றவங்களுக்குக் கொடுன்னுதான் பத்திரத்துல இருக்கு, லாத்தா. அனுப்புன்னு இல்லை. நாளைலேருந்து அவங்க வரட்டும்.”

மறுநாள் அண்டா வரவில்லை. அரண்மனைக் காரியக்காரர் விவரம் சொன்னார்: தெற்கு வாசலுக்குப் போனால் கஞ்சி உண்டு. இரண்டே தெருதான். ஆனால் அறிஞர்களுக்கு நேரில் போய்ப் பழக்கமில்லையே. பசி தாங்காமல், தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்கள். ஆளுக்கொரு மனு எழுதினார்கள்.

மூன்றாம் நாள் அவை கூடியது. வந்த மடல்களை வாசிப்பது சல்மாவின் வேலை. வாசித்தாள். ஒருவர் வெந்தய வாசத்துக்கு ஏங்கியிருந்தார். இன்னொருவர் ஆட்டெலும்பின் பதத்தைப் பக்கம் பக்கமாக வருணித்திருந்தார். முல்லாவின் மனுதான் எல்லாவற்றிலும் நீளம்: “தங்கள் பாட்டனார் ஏற்படுத்திய தெற்கு வாசல் வக்ஃபிலிருந்து ஒருநாளும் தவறாமல் வந்த கஞ்சியை நிறுத்தியது பெரும் அநீதி.”

முல்லா எழுந்தார். “இதெல்லாம் ஆராய்ச்சி இல்லை, ஹுசூர். வெறும் புகார்.”

“அறிஞர்கள் எழுதியதைத்தானே கேட்டீர்கள், ஹுசூர்?” என்றாள் சல்மா. “பதினான்கு பேரும் எழுதியிருக்கிறார்கள். பதினான்கும் சொந்த அனுபவம். இந்த ஒரு முறைதான் யாரும் யாரையும் மேற்கோள் காட்டவில்லை.”

நவாப் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவியது. கூடம் பிழைத்தது. மீரம்மாளுக்கு அந்தப் பட்டுத்துணி பரிசாகப் போனது. அடுப்பிலிருந்து அண்டா இறக்க அவளுக்கு ஒரு நல்ல கைப்பிடித்துணி வேண்டியிருந்தது.