சீக்கிரம் என்றொரு கட்டம்

மருதஞ்சேரி ராஜா வீரகேதுவுக்கு எண்ணிக்கை என்றால் உயிர். உட்கார்ந்து எண்ணுவதுதான் பிடிக்காது. எதையும் ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பிவிட வேண்டும் அவருக்கு.

இது தெரிந்த பிரதானி செண்பகராயர், ஒரு காலை சபை நடுவே கோலமாவால் வரிசையாகக் கட்டங்கள் போட்டார். போன மாதம் மனு கொடுத்த அறுபது பேருக்கு அறுபது புளியங்கொட்டை. தீர்ப்புக்காக ஒருவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ, அந்த நாளுக்குரிய கட்டத்தில் அவர் பெயரில் ஒரு கொட்டை. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கொட்டைகள் சிங்காதனத்தைப் பார்த்து நீண்டன.

“இடது ஓரத்து வரிசையைப் பாருங்கள், மகாராஜா! பதினெட்டுக் கொட்டை! அந்தக் கட்டத்துக்குச் ‘சீக்கிரம்’ என்று பெயர். மற்றதெல்லாம் நாலும் ஐந்தும்தான். நம் குடிகள் காத்திருப்பதே இல்லை! ஒரு மாதம் சபையை மூடிவிட்டுத் தாராளமாக வேட்டைக்குப் போகலாம்.”

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். “நாளைக்கே கிளம்புகிறேன்!”

ஓரமாக நின்ற சபை வித்துவான் அம்பலவாணன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே மனுக்காரர்களின் கொட்டகையில் காத்துக் கிடந்த சீரங்காயி என்பவளிடம் அவன் சற்றுமுன்தான் பேசிவிட்டு வந்திருந்தான். பிரதானியின் மைத்துனன் அவளுடைய கறவை எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். “இருபத்தாறு நாளா இங்கயே கிடக்கேன் சாமி. கன்னு பாலில்லாம எலும்பாப் போச்சு. இன்னும் ரெண்டு நாள் தாங்காதுங்க” என்று அழுதிருந்தாள். இதில் ஒரு மாதம் வேட்டையா?

அவன் குனிந்து கட்டங்களைப் பார்த்தான். ‘சீக்கிரம்’ என்ற கட்டம் முதல் நாளில் தொடங்கி இருபதாம் நாளில் முடிந்தது. அதற்கப்புறம் முப்பதாம் நாள் வரை நாளுக்கு ஒரு கட்டமாகப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருந்தார் ராயர். அடப்பாவி மனுஷா!

“மகாராஜா, கட்டம் அகலம். அதனால்தான் வரிசை நீளம்.”

“நீளம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, அகலத்தை யார் கேட்டார்?” என்றார் ராயர்.

“அதானே? சும்மா குழப்பாதே, அம்பலவாணா. எனக்குப் பசிக்கிறது” என்று ராஜா எழுந்துவிட்டார்.

பசியா? நல்லதாகப் போயிற்று! அம்பலவாணன் மடைப்பள்ளிக்கு ஓடிப்போய்ச் சமையற்காரர் காதில் ஏதோ ஓதினான்.

ராஜா வெறும் இலைமுன் உட்கார்ந்திருந்தார். “சாப்பாடு எங்கே?”

“சீக்கிரம் வரும், மகாராஜா” என்றான் அம்பலவாணன்.

ஒரு நாழிகை போயிற்று. இரண்டு நாழிகை போயிற்று. ராஜாவின் வயிறு கடகடவென்று ஊருக்கே கேட்டது.

“டேய்! எவ்வளவு சீக்கிரம்?”

“பிரதானியாரின் முதல் கட்டத்துக்குள் வந்துவிடும். இன்றைக்கும் வரலாம், இருபதாம் நாளும் வரலாம். என்றைக்கு வந்தாலும் அதற்குப் பெயர் சீக்கிரம்தான்.”

“இருபது நாளா! அதற்குள் செத்தே போவேனே!”

“எருமையைப் பறிகொடுத்து இருபத்தாறு நாளாக வாசலில் கிடக்கும் சீரங்காயியின் கன்றும் அதைத்தான் சொல்கிறது, மகாராஜா.”

ராஜா இலையை விட்டு எழுந்து நேரே சபைக்கு நடந்தார். அங்கே அம்பலவாணன் பழைய கோடுகளை அழித்துவிட்டு, பத்துப் பத்து நாளாக ஒரே அகலத்தில் மூன்று கட்டம் போட்டான். மனு ஏட்டில் நாளைப் பார்த்துப் பார்த்துக் கொட்டைகளை அடுக்கினான். முதல் கட்டத்தில் ஆறு. இரண்டாவதில் பன்னிரண்டு. மூன்றாவது வரிசை நீண்டுகொண்டே போய்ச் சிங்காதனப் படியில் முட்டியது. வாழ்நாளில் முதல் தடவையாக ராஜா உட்கார்ந்து எண்ணினார். நாற்பத்திரண்டு!

வேட்டை நின்றது. சீரங்காயியை உடனே உள்ளே அழைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் எருமை அவள் கொட்டிலில் நின்றது. கன்று முட்டி முட்டிக் குடித்தது. அம்பலவாணனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

பிரதானிக்கும் ஒன்று கிடைத்தது. மனுக்காரர்களின் கொட்டகையில் சீரங்காயி எழுந்துபோன இடம்.

“மன்னிக்க வேண்டும், மகாராஜா! என்னை எப்போது திரும்பக் கூப்பிடுவீர்கள்?” என்று கும்பிட்டார் ராயர்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சீக்கிரம், ராயரே! சீக்கிரம்!”