கீரி கேட்டு வாங்கிய கருங்காலி மட்டை

ஒரு காட்டாற்றின் கீழ்க்கரையில் கரடியும் கீரியும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. கோடை வந்தால் ஆறு வற்றிவிடும். நடுவில் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நிற்கும். காலையில் முதலில் இறங்குகிறவர்களுக்குத் தெளிந்த நீர். பிறகு வருகிறவர்களுக்கு வெறும் கலங்கல்.

இதற்காக இரண்டு கரை விலங்குகளும் கடித்துக்கொண்டது போதுமென்று, கடைசியில் ஒரு பந்தாட்டம் வைத்துக்கொண்டன. காய்ந்த விளாங்காய்தான் பந்து. மேல்கரை மந்தி மூன்று தடவை வீசும். கீழ்க்கரையார் ஒன்றையாவது அடித்துப் பெரிய பாறைக்கு அப்பால் போட்டுவிட்டால், அந்தக் கோடை முழுக்கக் கீழ்க்கரைக்கே முதல் இறக்கம். போடாவிட்டால் மேல்கரைக்கு.

வருஷா வருஷம் கரடிதான் அடிக்கும். அதன் மட்டை கருங்காலி. ஆனால் இந்த வருஷம் கரடியின் உள்ளங்கையில் முள் ஏறி வீங்கிவிட்டது. பாம்பையே ஏமாற்றுகிற கை கீரிக்குத்தான் என்று சொல்லி, அதையே ஆடச் சொன்னார்கள் கீழ்க்கரையார்.

கீரிக்குத் தலைகால் புரியவில்லை. தன்னுடைய லேசான நுணாமர மட்டையைக் கோவைக்கொடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கரடியிடம் போய் அதன் மட்டையைக் கேட்டது. கனமாக இருக்குமே என்று கரடி இழுத்தது. பாறை தாண்ட வேண்டாமா என்று கீரி மடக்கியது. கரடி இளகின மனசுக்காரன். கொடுத்துவிட்டது.

சோதித்துப் பார்க்கக் கீரி ஒரு விளாங்காயைத் தரையில் வைத்தது. மட்டையை மெல்லத் தூக்கி, மூச்சைப் பிடித்து, ஓங்கி ஒரு போடு போட்டது. காய் பாறையைத் தாண்டிப் போய் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கிடக்கிற காய் காத்திருக்கும், வருகிற காய் காத்திருக்காது என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆட்டநாள் வந்தது. மந்தி முதல் காயை வீசியது. கீரி மட்டையைச் சுழற்றியது. காய் கடந்து போன பிறகுதான் மட்டை வந்து சேர்ந்தது. இரண்டாவது காய்க்கும் அதே கதி. இந்தத் தடவை மட்டையோடு கீரியும் ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்தது. மேல்கரையில் சிரிப்பு. கீழ்க்கரையில் குட்டிகளை வைத்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கரடி எழுந்து வந்தது.

"என் மட்டையைக் கொடு."

"இன்னும் ஒரு பந்து இருக்கு. பாதியில புடுங்குறியே?"

"எனக்கு வேணும்னு கேக்கல. உனக்கு வேண்டாம்னு கேக்குறேன். நீ கேட்டப்பவே கண்டிப்பா மறுத்திருக்கணும், முகத்துக்காகக் கொடுத்துட்டேன்."

கீரிக்கு அவமானமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் பெரிய மட்டையைக் கீழே வைப்பது லேசான காரியமா? ஆனால் தோள் வலித்தது. மடுவில் தெரிந்த தண்ணீரையும் குட்டிகளையும் அது மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஓடிப்போய்த் தன் நுணா மட்டையை உருவிக்கொண்டு வந்தது. கோவைக்கொடி சரிந்து விழுந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மந்தி முன்னைவிட வேகமாக வீசியது. இந்தத் தடவை கீரியின் கை நினைத்தபோது மட்டையும் அங்கே இருந்தது. டக்கென்று ஒரு சத்தம். காய் அப்படியொன்றும் வானத்தைத் தொட்டுவிடவில்லை. பாறையைத் தாண்டி ஒரு முழம் தள்ளி விழுந்தது. தாண்டினால் போதும் என்பதுதானே பேச்சு!

மறுநாள் காலை கீழ்க்கரைக் குட்டிகள் எல்லாம் தெளிந்த நீரில் முகம் பார்த்துக் குடித்தன. கரடி, கீரியின் மட்டையை வாங்கி இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தது.

"இது எனக்குப் பல்லுக் குத்தத்தான் ஆகும்," என்றது.

"அதனாலதான் அது என்னோடது," என்று வாங்கிக்கொண்டது கீரி.

அடுத்தவர் கையில் எவ்வளவு பெரிதாக விளங்கினாலும் சரி, நம் வீச்சுக்கு நேரத்தில் வந்து சேருகிற மட்டைதான் நமக்கு நல்ல மட்டை.