கை மாறிய நெற்கூடை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வரி கேட்டு ஆள் வருமோ என்று கதை சொல்பவர்கள் பெயரையே விட்டுவிட்ட ஒரு நாட்டில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. கோபுர உச்சியில் ஒரே கல்லில் குடை வேண்டும். யானைப் பருமனுள்ள கல்லை மண்மேடு போட்டு ஏற்றும் வேலை, கற்பட்டறை முதலாளி மாசிலாமணிக்கு வந்தது.

நூறு பேர் வடம் பிடித்தார்கள். கல் நகர்ந்ததைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. உச்சிக்கு நாலு முழம் இருக்கையில் உருளைக்கட்டை புரண்டு, சடையன் என்ற கூலியாளின் வலக்கையை நசுக்கிவிட்டது.

"கை போனவனுக்கு அவன் முதலாளி பௌர்ணமிக்குள் கைம்மாறு செய்யட்டும்" என்றார் ராஜா.

அமைச்சர் நச்சியப்பர் இதற்காகவே காத்திருந்தவர். அரசவை விகடர் மருதவாணர் மேல் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். மாசிலாமணியோ விகடரின் பால்ய சிநேகிதர்.

"மன்னா, அரச வாக்கில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. கைக்கு மாறாகக் கை. முதலாளியின் கையை வாங்க வேண்டும். வேறு பொருள் உண்டென்றால் விகடர் செய்து காட்டட்டும்."

சொல்விளையாட்டு என்றால் ராஜாவுக்குச் சோறு வேண்டாம். "காட்டும், விகடரே" என்றார்.

மாசிலாமணி வலக்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு விகடர் வீட்டுக்கு ஓடினார்.

"மருதா, சடையன் குடும்பத்தை நான் பாத்துக்கிறேன்டா. ஆனா காலம் பூரா நான் ஒருத்தனே தாங்கினா பட்டறையை மூடணும். மத்தவங்க பொழப்பும் போயிரும். அதுக்கு முன்னாடி இந்தக் கையே போகப் போகுது."

"முதல்ல கையை வெளிய எடு. பழுக்க வச்ச மாம்பழமா அது? ஊர்ல எத்தனை முதலாளி?"

"செக்கு, சூளை, படகு எல்லாம் சேர்த்தா முந்நூறு."

"அத்தனை பேரையும் நெல்மூட்டையோட கூட்டிட்டு வா. இன்னைக்கு உன் கை, நாளைக்கு அவங்க கைன்னு சொல்லு."

பௌர்ணமியன்று முந்நூறு முதலாளிகளும் நெல்மூட்டையோடு அரண்மனை முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். விகடர் ஒரு காலிக் கூடையை நீட்டினார். "உம்மிடம் வேலை செய்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி போட்டு அடுத்தவர் கையில் கொடும். மாதம் ஒருமுறை."

துணிக்கடைக்காரர் முறைத்தார். "என் கடையில ஊசி குத்தினாத்தான் உண்டு ஓய். கல்லு உருட்டுறவனும் நானும் ஒண்ணா?"

"உமக்கு அரைப்பிடி. கற்பட்டறைக்கு மூணு. படகுக்காரருக்கு ரெண்டு."

"ஒண்ணே முக்கால்" என்றார் படகுக்காரர்.

"படகு கவிழாதுன்னு எழுதிக் கொடும், அரையே போதும்."

படகுக்காரர் ஆளுக்கு இரண்டு பிடியாகவே போட்டார்.

கூடைக்குப் பின் கூடையாகக் கை மாறிக் கை மாறி வந்து, சடையன் முன்னால் நெல் ஆளுயரத்துக்குக் குவிந்தது. மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். முந்நூறு பேரில் ஒருவர் முதுகும் பாரத்தில் வளையவில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"கட்டையைக் கவனிக்காதது அவன் தவறு. அவனுக்கா நெல்?" என்றார் அமைச்சர்.

"வேலையில் அடிபட்டானா என்று மட்டுமே கூடை கேட்கும், அமைச்சரே. யார் தவறென்று கேட்காது. அதற்கு ஈடாக அவனும் முதலாளி மேல் வழக்கென்று இங்கே வரமாட்டான்."

"சோறு வந்தா வழக்கு எதுக்குங்க" என்றான் சடையன்.

"அவன் தேவைக்குப் போக மிச்சம், நாளை அடிபடுகிறவனுக்காகக் குதிரில் இருக்கும். மன்னா, முந்நூறு கை மாறிவிட்டது. உங்கள் வாக்கில் ஓர் எழுத்தும் பிசகவில்லை" என்ற விகடர், காலிக் கூடை ஒன்றை ராஜாவிடமே நீட்டினார். "நாட்டின் பெரிய முதலாளி இன்னும் போடவில்லை."

ராஜா விளையாட்டாகத்தான் அள்ளத் தொடங்கினார். சமையல்காரர்கள், யானைப்பாகர்கள், பல்லக்குத் தூக்குவோர், கொல்லர்கள். வெயில் சாய்ந்தது; பாதிகூட முடியவில்லை. தோள் வலித்து நின்றவர் தம் உள்ளங்கையைப் பார்த்தார்.

"இத்தனை கைகளா என்னைத் தாங்குகின்றன?"

ராஜா இவ்வளவு மெதுவாகப் பேசி மாசிலாமணி கேட்டதில்லை.

பிறகு ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி விகடர் கழுத்தில் போட்டார். "அமைச்சரே, ஏரி வெட்டுகிறவர்கள் பாக்கி. அவர்களுக்கான நெல்லை நீர் அள்ளிப் போடும்."

மூன்றாம் நாள் அமைச்சருக்கு விரல் மடங்கவில்லை. சோறு ஊட்ட ஓர் ஆளை வைத்தார்கள். அந்த ஆளுக்கும் ஒரு பிடி போடச் சொன்னார் விகடர்.